முழுப்பேரா, அரைப்பேரா

கடைசிப் பிள்ளையும் தொட்டிலில் கண்ணயர்ந்ததும் விஜயகலா பிள்ளைக் காம்பராவின் சிமெந்துத் தரையில் காகிதங்களைப் பரப்பினாள். காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு பால் போத்தல். மூன்று வாரமாக இதே வேலைதான். தாய்மார் ரப்பர் மரங்களில் பால் வெட்டி, சேர்த்து, வாளியை ஸ்டோரில் கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்க வருவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அதற்குள் எது கையில் இருக்கிறது, எது இன்னும் எடுக்க வேண்டும், எதை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அவள் ஒருதரம் கண்டுபிடித்துவிடுவாள். ஃபைலை மூடும்போது மறுபடி எல்லாம் குழம்பிவிடும்.

"எனக்குப் புரியாம இல்லீங்க," என்பாள். "புரிஞ்சது நிக்க மாட்டேங்குது."

யட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கல போகும் ரோட்டுக்கு மேலே, ரப்பர் தோட்டத்தின் மேல் டிவிசனில், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவளுக்குப் பதினான்கு வருட வேலை. வயது முப்பத்தெட்டு. குள்ளமான உருவம், வேகமான நடை; யாருடன் பேசினாலும் பிள்ளையைத் தட்டுவது போல் ஒரு கை தானாக அசைந்துகொண்டிருக்கும். சைப்ரஸ் என்ற நாட்டில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. செப்டம்பர் முப்பதாம் திகதி மாலை விமானம். தோட்டம் கொடுத்த ஏழு பேர்ச் காணியில் அவர்கள் கட்டத் தொடங்கிய வீடு, தோள் உயரத்துக்குச் சுவர் எழும்பி நின்று இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஜன்னல் வைக்க வேண்டிய ஓட்டையில் பப்பாளிக் கன்று ஒன்று முளைத்திருந்தது. போவதற்கு அவள் வேறு காரணம் எதுவும் சொன்னதில்லை.

காகிதங்களுக்கு அவள் வைத்திருந்த பெயர்கள் அவளுக்கு மட்டுமே தெரிந்தவை. பொலிஸ் அறிக்கைக்கு 'ரெண்டு சீலு'. மருத்துவச் சான்றிதழ் 'சளிப் பச்சை'. பிறப்புச் சான்றிதழ் 'கிழிசல்'. சைப்ரஸிலிருந்து வந்த வேலை ஒப்பந்தம் பாதி ஆங்கிலத்திலும் பாதி அந்த ஊர்ப் பாஷையிலும் இருந்தது; அதற்குப் பெயர் 'கம்பி எழுத்து'. ஏஜென்சியிலிருந்து போன் வந்து "உங்க மெடிக்கல் எங்கே?" என்று கேட்டால் அவள் திகைத்து நிற்பாள். "பச்சைக் கலர்ல ஒண்ணு தந்தோமே" என்றால்தான் அவள் கை சரியான பையைத் தேடிப் போகும். சரளமாகச் சிங்களம் பேசுவாள்; வாசிப்பது எழுத்துக் கூட்டித்தான். தமிழ் வாசிப்பாள். ஆனால் அரசாங்கப் படிவத்தில் வரும் தமிழ்தான் அவளை எல்லாவற்றையும்விட அதிகம் சோதித்தது. "சிங்களத்துல சொன்னா பாதி புரியுது. தமிழ்ல வாசிச்சா காவாசிதான் புரியுது. நம்ம பாஷைதானான்னு சந்தேகமா இருக்கு."

மகள் ஷாமிளாவுக்கு ஆங்கிலம் வரும். அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தவள். அவளைக் கேட்டால் ஒரு வரியைச் சத்தமாக வாசிப்பாள். அர்த்தம் கேட்டால், "ஃபோர்ம்ல அப்படித்தாம்மா போடுவாங்க," என்பாள்.

புரியாததில் விஜயகலா கையெழுத்து வைப்பதில்லை. அதற்கு ஒரு கதை உண்டு. ஆறு வருடத்துக்கு முன் பிள்ளைக் காம்பராவுக்குப் பால்மாப் பெட்டி வந்தபோது, கொண்டுவந்தவர் அவசரப்படுத்தியதால் நாற்பது பக்கெட் என்று எழுதியிருந்த தாளில் எண்ணிப் பார்க்காமல் கையெழுத்து வைத்தாள். இருந்தது இருபத்தெட்டு. மீதிப் பன்னிரண்டும் எங்கே என்று மூன்று மாதம் விசாரணை நடந்தது. கடைசியில் அவள் மேல் குற்றமில்லை என்று முடிந்தாலும், அந்த மூன்று மாதமும் தாய்மார் பிள்ளையைக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்த்த பார்வை அவளுக்கு மறக்கவில்லை. அதன்பிறகு தபால்காரர் கடிதத்துக்குக் கையெழுத்துக் கேட்டாலும் "என்னாத்துக்குங்க?" என்று கேட்டுத்தான் பேனாவைத் தொடுவாள்.

முதல் சிக்கல் பெயரில் வந்தது. ஆங்கிலத்தில் அவள் பெயர் பாஸ்போர்ட்டில் ஒருவிதமாகவும் தோட்டத்து ஊழியர் சேமலாப நிதி அட்டையில் வேறுவிதமாகவும் இருந்தது. அப்பா நல்லையாவின் பெயரோ கிழிசலில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. எல்லாம் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி வேண்டும் என்றார்கள். யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில், துணிக்கடை மாடியில் சமாதான நீதவான் ஜமால்தீன் இருந்தார். தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். எதை எழுதினாலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார்.

"மேற்படி இரு பெயர்களாலும் குறிப்பிடப்படுபவர் ஒரே ஆளே எண்டு... சரி தங்கச்சி, இதுல ஒரு சைன் வைங்க."

"ஜமால்தீன் நானா, ரெண்டு பேருன்னு எழுதியிருக்கீங்களே. அந்த மத்தவ யாருங்க?"

"மத்தவ யாருமில்ல. நீங்கதான் அதுவும்."

"அப்ப நான்தான்னு எழுதுனா போதாதுங்களா?"

ஜமால்தீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கதான் நீங்கண்டு சொல்ல ஒரு கடதாசி வேணும். அதைத்தான் நான் எழுதித் தாறேன்." அவள் அந்த வரியை மூன்றுதரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அதன்பிறகே கையெழுத்து வைத்தாள். படியிறங்கும்போது, பெயரில் ஓர் எழுத்து மட்டும் வேறுபட்ட இன்னொருத்தி தன்னோடு கூடவே இறங்கி வருவதுபோல அவளுக்கு இருந்தது.

அந்த இன்னொருத்தி மறுவாரம் உயிர் பெற்றுவிட்டாள். வரி இலக்கம் ஒன்று எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஏஜென்சி சொல்லியிருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோகொப்பி எடுத்து, பில் கட்டி, விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கடை வைத்திருந்த கிருஷ்ணகுமார் அவளுடைய அடையாள அட்டை இலக்கத்தைக் கம்ப்யூட்டரில் அடித்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் அடித்தார்.

"உங்களுக்குத்தான் ஏற்கனவே இலக்கம் இருக்கே, தங்கச்சி. பதிஞ்சிருக்கு."

"யாரு பதிஞ்சது?"

"அது இதுல காட்டாது."

வரி என்பது துரைமாரும் முதலாளிமாரும் கட்டுவது. பதினான்கு வருடத்தில் அவளிடம் யாரும் வரி கேட்டதில்லை. ஆனால் அவள் பெயரில் ஒரு வரிக்கணக்கு இருக்கிறது. தான் பதியவில்லை என்றால் பதிந்தது யார்? கணவன் உதயராஜிடம் சொன்னாள்: "அந்த மத்தவதாங்க பதிஞ்சிருப்பா." ஃபேக்டரியில் ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயவைக்கும் வேலை செய்பவன் அவன். புகையில் சிவந்த கண்ணைத் தேய்த்துக்கொண்டான். "எந்த மத்தவ?" என்று கேட்டான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிக் கேகாலைக்குப் போய் வரி அலுவலகத்தில் நின்றாள். அங்கே சேலை கட்டிய ஒரு பெண் அதிகாரி. விஜயகலா சிங்களத்தில் தன் கதையை முதலிலிருந்து சொன்னாள்: கிழிசல், சத்தியக்கடதாசி, மத்தவள். அதிகாரி இடைமறிக்காமல் கேட்டார். பிறகு, அடையாள அட்டை உள்ள நிறையப் பேருக்கு இப்படி இலக்கம் போட்டாயிற்று, இது குற்றமில்லை, இலக்கம் இருந்தால் வரி கட்ட வேண்டும் என்றும் இல்லை என்றார். ஒரு துண்டுத் தாளில் அந்த இலக்கத்தை எழுதிக் கொடுத்தார். அவள் அதை மடித்து ஃபைலில் வைத்தாள். எழுந்தவள் திரும்ப உட்கார்ந்தாள்.

"மிஸ், இன்னொண்ணு."

ஏஜென்சி தந்த பிரகடனத் தாளை எடுத்து வைத்தாள். ஆங்கிலப் படிவத்தோடு தமிழ் மொழிபெயர்ப்பும் குத்தியிருந்தது. 'வரி நோக்கத்திற்காக நீர் எந்நாட்டின் வதிவாளர்?' கீழே மூன்று பெட்டிகள்: இலங்கை, சைப்ரஸ், வேறு. அதற்கும் கீழே சின்ன எழுத்தில், 'பிழையான தகவல் ஒப்பந்தத்தை இரத்தாக்கும்.' வதிவாளர் என்ற சொல்லை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அதிகாரி அதைச் சிங்களத்தில் 'நேவாசிக' என்றார். அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் தங்கி மருந்தெடுக்கும் நோயாளிகளை அப்படித்தான் சொல்வார்கள். "நான் வார்டுல நிக்கணுமா?" என்று கேட்டாள். பக்கத்து மேசைக்காரர் குனிந்துகொண்டார்.

அதிகாரி பொறுமைசாலி. ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து அடுத்த மார்ச் கடைசி வரை ஒரு வரி வருடம். அதில் நூற்று எண்பத்து மூன்று நாள் இந்த நாட்டில் இருந்தால் அவள் இங்கத்திய வதிவாளர். விஜயகலா முதல்தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாள் கணக்கு அவளுக்குத் தெரிந்த விஷயம். பதினான்கு வருடம் வரவுக் கொப்பி எழுதியவள். மேசைக் கலண்டரைக் கேட்டு வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு மாதமாக எண்ணிக்கொண்டு போனாள். செப்டம்பர் இருபத்தொன்பதில் நூற்று எண்பத்திரண்டு. முப்பதில் விரல் நின்றுவிட்டது. அன்றுதான் அவள் புறப்படும் நாள்.

தோட்டத்தில் ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு பேர் விழும். மத்தியானத்தோடு வேலை நின்றால் அரைப்பேர். அவள் அதைத்தான் கேட்டாள்.

"மிஸ், போற நாள் முழுப்பேரா, அரைப்பேரா?"

அவள் சொன்னதை விளங்கிக்கொள்ள அதிகாரிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் அவரும் கலண்டரைப் பார்த்தார். "மாலை விமானம் என்றால்... அந்த நாளும் சேரும் என்று நினைக்கிறேன்." குனிந்திருந்த பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்தார். சேராது என்றார். இருவரும் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கத்தைக் காட்டினார்கள். கடைசியில், கொழும்புக்கு எழுதிக் கேட்கலாம், பதில் வர மூன்று வாரமாவது ஆகும் என்றார்கள். விமானத்துக்கு இருந்தது பதினோரு நாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து விரல் மடித்துக்கொண்டே வந்தாள். போகிற நாளும் கணக்கில் சேர்ந்தால் இலங்கைப் பெட்டியில் கோடு போட வேண்டும். சேராவிட்டால் என்ன? சைப்ரஸ் மண்ணை அவள் இன்னும் மிதிக்கவே இல்லை. அங்கே கோடு போட்டால் பொய். இங்கே போட்டாலும் பொய்யாகலாம். 'வேறு' என்று மூன்றாவதாக ஒரு பெட்டி இருந்தது. அது என்ன நாடு என்று அவளுக்குத் தெரியவில்லை.

இருபத்தைந்தாம் திகதி கொழும்பில் ஏஜென்சி மேசை. அங்கே இருந்த பெண் வேகமாகத் தாள்களைத் தள்ளித் தள்ளி, கையெழுத்து வைக்கும் இடங்களைப் பென்சிலால் தட்டிக் காட்டினாள். விஜயகலா எல்லாவற்றிலும் வைத்தாள். பிரகடனத் தாளில் மட்டும் கை நின்றது.

"சும்மா இலங்கையில டிக் போடுங்க. யாரும் பாக்க மாட்டாங்க."

"பாக்க மாட்டாங்கன்னா ஏன் மிஸ் கேக்குறாங்க?"

"இது ஒரு ஃபோர்மாலிட்டி."

"பொய்யா இருந்தா வேல இல்லேன்னு கீழ போட்டிருக்குங்களே."

இருபது நிமிடம் போயிற்று. வெளியே பெஞ்சில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். அந்தப் பெண் எங்கோ போன் போட்டாள், பதில் கிடைக்கவில்லை. கடைசியில் விஜயகலாவின் தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கி அவள் பக்கமே தள்ளினாள். "தெளிவா இருந்தா வாங்க. இந்த ஃப்ளைட்டுக்கு வேற ஆள் இருக்காங்க." எரிச்சலே இல்லாமல் சொன்னாள். அது விஜயகலாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

வீட்டில் உதயராஜ் காலைக் கழுவி, துடைத்து, அடுப்படிக்கு வந்து நின்று கேட்டான்: "ஒரு கோடு போட முடியாமலா வந்துட்ட?"

"தோட்டத்துல பொறந்த எங்க அப்பாவ எந்த நாட்டு ஆளுன்னு எழுதிக் குடுக்க முப்பத்தஞ்சு வருசம் ஆச்சுங்க," என்றாள் அவள், வெங்காயத்தைப் பார்த்தபடியே. "இந்தியான்னு ஒரு பேப்பர், இல்லேன்னு ஒரு பேப்பர். அந்தாளு சாகுற வரைக்கும் அந்தப் பேப்பர் வச்ச பொட்டிய யாரையும் தொட விடல. என்னைய மட்டும் நிமிசத்துல கோடு போடுன்னா எப்படிங்க?"

ஷாமிளா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி இருவரையும் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். மறுநாள் வேலை முடிந்து வந்த உதயராஜ், வீட்டுக் காணிக்குப் போய் ஜன்னல் ஓட்டையில் நின்ற பப்பாளிக் கன்றைப் பிடுங்கி எறிந்தான். எதற்காகப் பிடுங்கினான் என்று அவளுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை.

முப்பதாம் திகதி வந்து போயிற்று. அன்று மாலை அவள் வெளியே வரவில்லை. அக்டோபர் முதலாம் திகதி காலை பழக்க தோஷத்தில் பிள்ளைக் காம்பராவுக்குப் போனாள். வாசலில் அழகம்மா நின்றாள். விஜயகலாவின் இடத்துக்குத் தோட்டம் போட்டிருந்த புது ஆள்.

"அக்கா, நீங்க போகல?"

"போகணும்."

"எப்ப?"

"அதுதான் தெரியல."

வரவுக் கொப்பி அழகம்மா கையில் இருந்தது. விஜயகலா அதைக் கேட்கவில்லை. ஆனாலும் ஒன்பது நாள் தொடர்ந்து போனாள். எந்தப் பிள்ளைக்குக் காது வலி, எது கவிழ்ந்து படுத்தால்தான் தூங்கும், எந்தத் தாய் பால் வெட்டு முடிந்து பிந்தி வருவாள் என்று சொல்லிக் கொடுத்தாள். நடுவில் அழும் பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொள்வாள். அந்த ஒன்பது நாளும் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் அவளுக்குப் பேர் விழவில்லை. அவள் எங்கேயும் போகவில்லை, எங்கேயும் வேலை செய்யவுமில்லை. யாராவது அந்தப் பிரகடனத் தாளை அந்த வாரம் அவளிடம் நீட்டியிருந்தால், மூன்றாவது பெட்டியில்தான் கோடு போட்டிருப்பாள்.

பத்தாம் நாள் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. பதினேழாம் திகதிக்கு இன்னொரு இடம் இருக்கிறதாம். வீடும் அதே வீடுதான், அந்த வயதான அம்மாவும் அதே அம்மாதான்.

"முன்ன போகச் சொன்ன ஆளு?"

"போகல."

"ஏன் மிஸ்?"

"ஏன்னு கேக்காதீங்க. நாளைக்கு வாங்க."

போனை வைத்ததும் அவள் சுவரில் மாட்டியிருந்த கலண்டருக்கு முன்னால் போய் நின்றாள். செப்டம்பர் தாளைப் புரட்டி, முப்பதைத் தாண்டி அக்டோபருக்கு விரலைக் கொண்டுபோனாள். நூற்று எண்பத்து மூன்று எப்போதோ கடந்து போயிருந்தது. முழுப்பேரோ அரைப்பேரோ, இனி அதைப் பற்றி யாரும் வாதாட முடியாது. "இந்த வருசம் நான் இங்கத்த ஆளுதான்," என்று உதயராஜிடம் சொன்னாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் குரலில் சந்தேகம் இல்லை. அவன் "அது எனக்கு முன்னமே தெரியுமே," என்றான்.

மறுநாள் ஏஜென்சி மேசையில் பிரகடனத் தாளை முழுதாக ஒருதரம் வாசித்தாள். இலங்கைப் பெட்டியில் கோடு போட்டாள். கையெழுத்தும் வைத்தாள். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்: "அடுத்த வருசத்துக்கு?"

"அடுத்த வருசம் நீங்க அங்க இருப்பீங்க."

"அப்ப அங்கத்த ஆளா?"

அந்தப் பெண் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். விஜயகலா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, இலக்கம் எழுதிய துண்டுத் தாளின் பின்பக்கத்தில், 'ஏப்ரல்ல கேக்கணும். யாரைன்னு தெரியல' என்று எழுதி வைத்துக்கொண்டாள்.

பதினேழாம் திகதி மூன்று பேரும் யட்டியாந்தோட்டையில் பஸ் ஏறினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது; பால் வெட்டு இல்லாத நாள். பெட்டியை உதயராஜ் மடியில் வைத்துக்கொள்ள, ஷாமிளா ஜன்னலோரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் அழுகிறாளா என்று பார்க்க விஜயகலா இரண்டுமுறை குனிந்தாள்; தெரியவில்லை. மகளின் முதுகில் அவள் கை மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தது.

நடுவயதுக் கண்டக்டர் வந்து மெஷினை அமுக்கி மூன்று டிக்கெட்டுகளைக் கிழித்துக் கொடுத்தார். உதயராஜ் தன்னுடையதைச் சட்டைப் பையில் திணித்தான். ஷாமிளா சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். விஜயகலா தன் டிக்கெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். முன்பக்கம் வாசித்து, பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"அய்யே," என்று கண்டக்டரைச் சிங்களத்தில் அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள். "நான் ஏறுனது யட்டியாந்தோட்டையில. இதுல கரவனெல்லன்னு விழுந்திருக்கு."

"பிழையா அமுக்குப்பட்டிருக்கும் நங்கி. பரவாயில்ல, யாரும் கேக்க மாட்டாங்க."

அவர் அடுத்த சீட்டுக்கு நகரப் பார்த்தார். விஜயகலா டிக்கெட்டை ஃபைலின் மேல் நீவி வைத்து, பிழையான ஊர்ப்பெயரை விரலால் காட்டி, பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, அவரிடம் நீட்டினாள்.